வாக்கின் இரு வழிகள்

குடியாட்சி நடக்கும் நாடு ஒவ்வொன்றும் தேர்தல் நாளன்று தன் மக்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. நாட்டை ஆளத் தக்கவர் யார் என்பது ஒன்று. நாட்டில் எந்தெந்தக் கருத்தினர் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே போலத் தோன்றினும் ஒன்றல்ல. முதற் கேள்விக்கு விரைவில் விடை தருவது தொகுதி முறை. இரண்டாவது கேள்விக்கு ஏறக்குறைய சரியான விடை தருவது விகிதாசார முறை. பாரத நாடு இவ்விரண்டையும் தராசில் இட்டுப் பார்த்து, லோக்சபைக்கு ஒன்றையும் ராஜ்யசபைக்கு மற்றொன்றையும் வகுத்துக்கொண்டது. அவ்வாறு வகுத்த வரலாறு சுவையானது, சிந்தனைக்கும் உரியது. ஆண்டு விழா மலரில் இசையையும் இலக்கியத்தையும் எதிர்நோக்கும் அன்பர்கள், வாக்குக் கணக்கைக் கண்டு மலரை மூடிவிட வேண்டா. தாய்மண்ணை விட்டு வந்து பிற மாநிலங்களில் சிதறி வாழும் நம்மைப் போன்றோரின் நிலையும் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

இரு முறைகளின் இயல்பு

தொகுதி முறை யாவரும் அறிந்ததே. நாட்டைப் பல தொகுதிகளாகப் பிரிப்பர். தொகுதிக்கு ஓர் உறுப்பினர். போட்டியிடுவோருள் அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி பெற்றவர். பாதிக்கு மேல் பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூவர் போட்டியிட, நூறு வாக்குகள் 34, 33, 33 எனப் பிரிந்தால், 34 பெற்றவர் பார்லிமெண்டுக்குச் செல்வார். மற்ற 66 வாக்குகளும் எண்ணி முடித்த அளவில் பயனற்றுப் போகும்.

கட்சியோ குழுவோ தான் பெற்ற வாக்கின் அளவுக்கு ஏற்பவே இடங்களைப் பெற வேண்டும் என்பது விகிதாசார முறையின் நோக்கம். இதற்கு வழிகள் பல. கட்சிகள் பெயர்ப்பட்டியல் கொடுக்க, வாக்கின் விகிதப்படி அப்பட்டியலிலிருந்து உறுப்பினர்களை எடுத்துக்கொள்வது ஒரு வழி. ஒற்றை மாற்று வாக்கு என்பது மற்றொரு வழி. இதில் ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள் உண்டு. வாக்காளர் வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுவார். வெற்றிக்கு இவ்வளவு வாக்கு வேண்டும் என்று ஓர் அளவு வகுக்கப்படும். அவ்வளவுக்கு மிஞ்சிப் பெற்றவரின் உபரி வாக்குகளும், கடைசியில் நின்று விலக்கப்பட்டவரின் வாக்குகளும் அடுத்த விருப்பத்துக்கு உரியவரைச் சென்றடையும். சிந்திய நெல்லையும் பொறுக்கி மரக்காலில் இடுவது போன்றது இம்முறை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு நகரில் பத்துத் தொகுதிகள் இருப்பதாகக் கொள்வோம். அந்நகரில் பத்தில் ஒருவர் ஒரே கருத்தினர். ஆனால் அவர்கள் பத்துத் தொகுதிகளிலும் சமமாகப் பரவி வாழ்கின்றனர். தொகுதி முறையில் இவர்களுக்கு ஓரிடமும் கிட்டாது. நகரம் முழுவதையும் பத்து உறுப்பினர் கொண்ட ஒரே தொகுதியாக்கி விகிதாசார முறையில் வாக்கெடுத்தால் ஓரிடம் நிச்சயம் கிட்டும். அதே மக்கள் ஒரே பேட்டையில் நெருங்கி வாழ்ந்தால், தொகுதி முறையிலேயே ஓரிடத்தை வென்றுவிடுவர். எனவே, தொகுதி முறை தலைகளை மட்டும் எண்ணுவதில்லை. அத்தலைகள் எங்கே வாழ்கின்றன என்பதையும் சேர்த்தே எண்ணுகிறது.

விகிதாசார எண்ணம் 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவில் உருப்பெற்றது. டென்மார்க்கில் கார்ல் ஆண்ட்ரே என்பவர் 1855-இல் இதனைச் சட்டத்தில் புகுத்தினார். இங்கிலாந்தில் தாமஸ் ஹேர் 1859-இல் இதனை விளக்கி நூல் எழுதினார். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அதனைப் பெரிதும் பாராட்டி, 1867-இல் காமன்ஸ் சபையில் வாதாடியும் பார்த்தார், சபை செவிசாய்க்கவில்லை. பெல்ஜியம் 1899-இல் இம்முறையை ஏற்றது. அயர்லாந்து 1922-இல் தனி நாடாகியபோதே ஒற்றை மாற்று வாக்கைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பிரிட்டன் மட்டும் தன் காமன்ஸ் சபைக்குத் தொகுதி முறையையே காத்து வந்தது. நம் தலைவர்கள் பலர் கற்றதும் பழகியதும் அம்முறையைத்தான்.

விகிதாசாரத்தில் பிறந்த சபை

நமது அரசியல் சட்டத்தை இயற்றிய அரசியல் நிர்ணய சபையே விகிதாசார முறையில் பிறந்தது என்பதைப் பலர் அறியார். 1946 ஜூலையில் மாகாணச் சட்டசபை உறுப்பினர்கள் பொது, முஸ்லிம், சீக்கியர் என மூன்று பிரிவாக நின்று, ஒற்றை மாற்று வாக்கு முறையில் தத்தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர்.

அச்சபைக்கு டாக்டர் அம்பேத்கர் வந்து சேர்ந்த வழியும் அதுவே. அவருடைய அட்டவணை வகுப்பார் சம்மேளனம் அதற்கு முன் நடந்த மாகாணத் தேர்தல்களில் பெருந்தோல்வி கண்டிருந்தது. தம் சொந்தப் பம்பாயிலிருந்து செல்ல அவருக்குப் போதிய ஆதரவு இல்லை. ஆனால் வங்காளச் சட்டசபையில் ஜோகேந்திரநாத் மண்டலும் வேறு சிலரும் அவருக்குத் துணைநின்றனர். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கே எல்லா இடமும் என்ற விதி அங்கே இருந்திருப்பின், அச்சிறு ஆதரவு எள்ளளவும் பயன்பட்டிராது. விகிதாசார முறை இருந்தமையால் சிலரின் வாக்கே ஒருவரை உள்ளே அனுப்பப் போதியதாயிற்று. பிரிவினையால் அவ்விடத்தை அவர் இழந்தபோது, 1947 ஜூலையில் காங்கிரஸின் ஆதரவோடு பம்பாயிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் வரைவுக் குழுவின் தலைவரானார்.

1949 ஜனவரி 4

லோக்சபைக்கு எம்முறை ஏற்றது என்ற வினா 1949 ஜனவரி 4-ஆம் நாள் சபையின் முன் வந்தது. மத்திய மாகாணம்-பேராரைச் சேர்ந்த காஜி சையத் கரீமுத்தீன் ஒரு திருத்தம் கொணர்ந்தார். பல உறுப்பினர் தொகுதிகள் அமைய வேண்டும். வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் விரும்பினால் ஒருவருக்கே குவித்து அளிக்கலாம். இவ்வாறு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சென்னை மாகாணத்திலிருந்து சென்றிருந்த மஹபூப் அலி பேக்கும் விகிதாசாரத்துக்காக வாதாடினார். தொகுதி முறையில் பெரும்பான்மைக் கட்சி தன் வாக்கினும் மிகுந்த இடங்களைப் பெற்றுவிடும்; சிறுபான்மைக் கருத்து, அரசியலைச் சார்ந்ததாயினும் சமயத்தைச் சார்ந்ததாயினும், சபையில் குரலற்றுப் போகும் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

காலத்தின் இயல்பையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். நாடு பிரிந்து ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது. சமயவாரித் தனித்தொகுதிகளைச் சபை 1947 ஆகஸ்டிலேயே தள்ளிவிட்டது. விகிதாசார முறை தனித்தொகுதி முறையினின்றும் வேறானது. அதில் எவரும் தம் சமயத்தாருக்கே வாக்களிக்க வேண்டுமென்பதில்லை. எனினும் பிரிவினையின் புண் ஆறாத அந்நாளில், பிரிந்து நிற்க வழி செய்யும் எதனையும் பலர் ஐயத்தோடு நோக்கினர்.

அம்பேத்கர் விடையளித்தார். அவருடைய விடையில் மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, விகிதாசார முறைக்குப் பரவலான எழுத்தறிவு வேண்டும். வாக்காளர் எண்களையேனும் அறிந்து எழுத வேண்டும். நம் மக்களின் நிலை அவ்வாறில்லை. இரண்டாவது, அம்முறை சபையைச் சிறு சிறு குழுக்களாகச் சிதறடிக்கும். ஏதேனும் ஒரு குழு மனம் மாறினாலும் மந்திரிசபை கவிழும். நாட்டில் அமைதியும் ஒழுங்கும் நிலவ உறுதியான அரசு இன்றியமையாதது. மூன்றாவது, சிறுபான்மையினருக்கு இடம் கிடைக்கச் செய்வதே நோக்கமாயின், அதற்கென ஒதுக்கீட்டு இடங்கள் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன.

திருத்தம் தோற்றது. தொகுதி முறை வென்றது.

அயர்லாந்தின் அனுபவமும் அந்நாளில் நம்மவர் செவிக்கு எட்டியிருந்தது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் 1947-இன் இறுதியில் அயர்லாந்து சென்றபோது, விகிதாசார முறையிலேயே பலமுறை வென்ற டி வலேரா, தமக்கு அம்முறை உவப்பானதன்று என்றும், வலிமையான அரசுக்குப் பிரிட்டிஷ் முறையே ஏற்றது என்றும் தெரிவித்திருந்தார்.

முதல் தேர்தல்

1951-52-இல் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. வாக்காளர் 17 கோடிக்கு மேல். 1951 குடிக்கணக்கின்படி நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்தவர். ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னம். சின்னம் ஒட்டிய தனித்தனிப் பெட்டி. வாக்காளர் சீட்டில் ஒன்றும் எழுத வேண்டுவதில்லை. தமக்கு வேண்டிய பெட்டியில் இட்டால் போதும். அந்நிலையில் 1, 2, 3 என்று எழுதச் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? அம்பேத்கரின் முதற் காரணம் வெறும் சாக்கன்று என்பதை அப்பெட்டிகளே மெய்ப்பித்தன.

கரீமுத்தீனின் அச்சமும் வெறும் அச்சமன்று என்பதை முடிவுகள் காட்டின. காங்கிரஸ் நூற்றுக்கு 45 வாக்குப் பெற்று, 489 இடங்களில் 364-ஐ வென்றது. அதாவது பாதிக்குக் குறைந்த வாக்கு, நான்கில் மூன்று பங்கு இடமாயிற்று. சோஷலிஸ்ட் கட்சி நூற்றுக்கு 10-க்கு மேல் வாக்குப் பெற்றும் 12 இடங்களே பெற்றது. கம்யூனிஸ்ட் கட்சியோ 3-க்குச் சற்று மிகுதியான வாக்குப் பெற்று 16 இடங்களை வென்றது. சோஷலிஸ்டுகளின் ஆதரவு நாடெங்கும் பரவிக் கிடந்தது. கம்யூனிஸ்டுகளின் ஆதரவு சென்னை, வங்காளம், திரிபுரா போன்ற சில பகுதிகளில் குவிந்திருந்தது. மேலே கூறிய பத்துத் தொகுதி நகரத்தின் கதைதான் இது.

அத்தேர்தலில் தோற்றவர்களுள் அம்பேத்கரும் ஒருவர். வடக்குப் பம்பாய்த் தொகுதியில் அவர் லட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றும், காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கரிடம் தோல்வியுற்றார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் லோக்சபையின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஆனால் 1952-இலேயே அவர் பம்பாயிலிருந்து ராஜ்யசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956-இல் மறையும்வரை அவ்வவையில் வீற்றிருந்தார். ராஜ்யசபைத் தேர்தல் எம்முறையில் நடப்பது? மாநிலச் சட்டசபை உறுப்பினர் வாக்களிக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறையில்! 1946-இல் அவரை அரசியல் நிர்ணய சபைக்குள் விட்டதும், 1952-இல் பார்லிமெண்டுக்குள் விட்டதும் விகிதாசாரக் கதவே. லோக்சபைக்கு அவர் பரிந்துரைத்த கதவு அவருக்கே மூடிக்கொண்டது. இதனை அவருக்கு இழுக்காகக் கூறவில்லை. தம் கட்சியின் நன்மையைக் கருதாமல் நாட்டின் நன்மை எனத் தாம் கண்டதையே அவர் பேசினார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதிலும் விருப்ப வரிசை வாக்கே விதி. 1969-இல் அதன் பொருள் வெளிப்பட்டது. வி. வி. கிரி முதல் விருப்பத்தில் முன்னின்றும், வெற்றிக்கு வேண்டிய அளவை எட்டவில்லை. பின்தங்கியோர் விலக்கப்பட்டு, அவர்கள் வாக்குகளின் அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்ட பின்னரே 4,20,077 பெற்று, 4,05,427 பெற்ற சஞ்சீவ ரெட்டியை வென்றார்.

மூன்று காரணங்களின் பின்கதை

1949-இல் கூறப்பட்ட மூன்று காரணங்களும் பின்னர் என்னவாயின? மூன்றாவது காரணம் நான்கே திங்களில் மறைந்தது. 1949 மே மாதத்தில் சமயச் சிறுபான்மையினருக்கான ஒதுக்கீட்டை நீக்கச் சபை முடிவு செய்தது. அட்டவணை வகுப்பாருக்கும் பழங்குடியினருக்கும் உரிய ஒதுக்கீடு மட்டுமே நின்றது. ஒதுக்கீடு இருப்பதால் விகிதாசாரம் வேண்டா எனப்பட்டது. ஒதுக்கீடு போனபின் விகிதாசாரம் திரும்பி வரவில்லை.

முதற் காரணம் மெல்லத் தேய்ந்தது. 2011 குடிக்கணக்கில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எழுபதைக் கடந்துவிட்டனர். எண் எழுதத் தெரியாமை இன்று முன்போன்ற தடையாகாது.

எஞ்சியது இரண்டாவது காரணமாகிய உறுதியான அரசு. இதில் வரலாறு இருபக்கமும் பேசுகிறது. முதற் பொதுத்தேர்தல் முதல் 1984 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் ஏதேனும் ஒரு கட்சி லோக்சபையில் பெரும்பான்மை பெற்றது. ஆயினும் ஒருமுறையேனும் அக்கட்சி நாட்டின் வாக்கில் பாதியை எட்டவில்லை. 1989 முதல் 2009 வரை நடந்த தேர்தல்களில் எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை. 1999 ஏப்ரலில் ஒரே ஒரு வாக்கில் மந்திரிசபை கவிழ்ந்தது. தொகுதி முறை மட்டும் உறுதியைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று. அதே சமயம், 1999-க்குப் பின் வந்த கூட்டணி அரசுகள் தம் காலத்தை நிறைவு செய்ததையும் கண்டோம். பல கட்சிகள் கூடியாளுவது அழிவுக்கு வழி என்ற அச்சமும் முழுமையாக உண்மையன்று. 2014-இல் பாரதிய ஜனதா கட்சி நூற்றுக்கு 31 வாக்கில் 282 இடங்கள் பெற்றுத் தனிப்பெரும்பான்மையை மீட்டது. அதே தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி நூற்றுக்கு 4 வாக்குப் பெற்றும் ஓரிடமும் பெறவில்லை.

நம் தாயகத்திலும் அதே காட்சிதான். 2014-இல் தமிழ்நாட்டில் அ.இ.அ.தி.மு.க. நூற்றுக்கு 44 வாக்கில் 39 இடங்களில் 37-ஐ வென்றது, தி.மு.க. 23-க்கு மேல் பெற்றும் ஓரிடமும் பெறவில்லை. 2019-இல் தராசு மறுபுறம் சாய்ந்து, தி.மு.க. அணி 38 இடங்களை வென்றது. இன்று ஒருவருக்கு இனிப்பது நாளை அவருக்கே கசக்கும் என்பதை எக்கட்சியும் அறியும். ஆயினும் இனிக்கும் நாளில் எவரும் முறையை மாற்ற முற்படுவதில்லை. 1999-இல் சட்டக் கமிஷன், லோக்சபை இடங்களை நான்கில் ஒரு பங்கு கூட்டி, கூட்டிய இடங்களைப் பட்டியல் முறையில் நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. அது ஏட்டளவில் நின்றது.

பிற நாடுகளின் அனுபவம்

மாற்றம் கண்ட நாடுகளும் உண்டு. நியூஸிலாந்தில் 1978-இலும் 1981-இலும் தொழிற்கட்சி எதிர்க்கட்சியைவிட அதிக வாக்குப் பெற்றும் குறைந்த இடங்களையே பெற்றது. 1981-இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சி நூற்றுக்கு 20-க்கு மேல் வாக்குப் பெற்று இரண்டே இடங்களைப் பெற்றது. மக்கள் இதனை மறக்கவில்லை; 1993-இல் பொதுவாக்கெடுப்பால் கலப்பு விகிதாசார முறையை ஏற்று, 1996 முதல் அதனை நடத்தி வருகின்றனர்.

அயர்லாந்தின் கதை இன்னும் சுவையானது. தமக்கு உவப்பற்ற விகிதாசாரத்தை நீக்க டி வலேரா 1959-இல் மக்களிடம் அனுமதி கேட்டார். அதே நாளில் குடியரசுத் தலைவர் பதவிக்கும் போட்டியிட்டார். மக்கள் அவரைத் தலைவராக்கினர். அவருடைய யோசனையைத் தள்ளினர்! 1968-இல் மீண்டும் கேட்டபோதும் மறுத்தனர்.

இலங்கையின் படிப்பினை துயரமானது. 1977-இல் தொகுதி முறையில் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்றே மேலான வாக்கில் 168 இடங்களில் 140-ஐப் பெற்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி நூற்றுக்கு 30-ஐ நெருங்கிய வாக்கில் 8 இடங்களே பெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் குவிந்த ஆதரவுடைய தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடங்களோடு எதிர்க்கட்சியாயிற்று. ஆறில் ஐந்து பங்கு பலம் கொண்ட ஆளுங்கட்சி 1978-இல் புதிய அரசியல் சட்டம் இயற்றி, அதில் விகிதாசார முறையையும் புகுத்தியது. ஆனால் 1982-இல் பொதுவாக்கெடுப்பு ஒன்றின் வழியே பழைய சபையின் ஆயுளையே நீட்டித்துக்கொண்டது. விகிதாசாரப் பொதுத்தேர்தல் 1989-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தீவு போர்க்களமாகிவிட்டது. போருக்குக் காரணங்கள் பல. தேர்தல் முறை ஒன்றையே குற்றஞ்சாட்டல் தகாது. ஆயினும் வாக்கினும் பெரிதாக வளர்ந்த பெரும்பான்மை, தன்னை மக்களின் முழுக்குரல் என்று எண்ணிவிடுவதன் கேட்டை அங்கே கண்டோம்.

விகிதாசாரத்துக்கும் விலை உண்டு. பட்டியல் முறையில் யார் பெயர் மேலே வருவது என்பதைக் கட்சித் தலைமையே முடிவு செய்யலாம்; குழாயில் நீர் வரவில்லை என்றால் யார் வாயிலுக்குச் செல்வது என்று மக்கள் திகைக்கலாம். ஆட்சி அமைவது தேர்தலுக்குப் பின் நடக்கும் பேரத்தைப் பொறுத்ததாகலாம். இரண்டு முறையிலும் ஒன்றைப் பெற ஒன்றை ஈய வேண்டும். நம் முன்னோர் 1949-இல் உறுதியைப் பெற்று, அளவொப்பை ஈந்தனர். அறிந்தே ஈந்தனர். ஈந்தது விலை என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

நமக்கு உரியது

பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இவ்வரலாறு அந்நியமன்று. கோலார் தங்கவயலில் சுரங்கத்தைச் சுற்றித் தமிழர் நெருங்கி வாழ்ந்தமையால், அத்தொகுதியிலிருந்து தமிழர் கர்நாடகச் சட்டசபைக்குச் சென்றதுண்டு. பெருநகரக் காலனிகளில் இங்கொரு தெருவும் அங்கொரு மாடியுமாகப் பரவி வாழ்வோருக்கு அது எளிதன்று. ஆனால் அதிலும் ஒரு நன்மை உண்டு. தனித்து வெல்ல இயலாதவர், மராத்தியரோடும் வங்காளியரோடும் இந்தி பேசும் அண்டை வீட்டாரோடும் கலந்து பேசியே தம் குறையைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாக்குக் கேட்டு வருபவரும் எல்லாக் கதவையும் தட்டியாக வேண்டும். தொகுதி முறையின் சிறப்பைக் கூறுவோர் சுட்டும் பொதுநலப் பிணைப்பு இதுவே.

நாட்டின் சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் சங்கங்களின் நடைமுறை நம் கையில் உள்ளது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒன்பது செயற்குழு இடங்களுக்கு ஒவ்வொருவரும் ஒன்பது வாக்கு அளிக்கும் வழக்கம் உள்ள சங்கத்தில், பாதிக்கு ஒருவர் மிகுந்த அணி ஒன்பதையும் கைப்பற்றிவிடலாம். மறு அணியினர் மறு ஆண்டு சந்தாக் கட்டத் தயங்குவர். அதற்கடுத்த ஆண்டு ஊரில் இரண்டு சங்கங்கள் தோன்றும். விருப்ப வரிசையில் 1, 2, 3 என்று எழுதும் ஒற்றை மாற்று வாக்கு, எழுத்தறிவு மிக்க நம் குடும்பங்களுக்குக் கடினமன்று. பெரும்பான்மையினர் பொறுப்பேற்கட்டும், சிறுபான்மையினர் அதே மேசையில் அமர்ந்து கேள்வி கேட்கட்டும். நாடு இரண்டு அவைகளில் பிரித்து வைத்த இரு நன்மைகளையும் ஒரு சிறு சங்கம் ஒரே அறையில் பெறலாம் அன்றோ?